பன்றி ஈன்ற மேடு

அலையின் நீளம் ஒரு சாண்.
சரியாகச் சொன்னால் இருபத்துமூன்றரை சென்டிமீட்டர்.
கையை விரித்துத் திரைமேல் வைத்துப் பார்த்தேன்,
கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை.
கொஞ்சம் பற்றவில்லை.

அறுநூறு கிலோமீட்டருக்கு மேலிருந்து
சாண் சாணாக இறங்கி வருகிறது.
தன்னைவிடச் சிறிய இலையை மதிப்பதில்லை.
மேகத்தை விசாரிப்பதில்லை.
அடிமரத்தில் முட்டி, தரையில் பட்டு,
பாதி செத்துத் திரும்புகிறது.
அந்தப் பாதியைத்தான்
டிரினிடாட்டில், தீவு அல்ல,
பொலிவியாவின் தாழ்நிலத்தில் சேறு மிதிக்கும் ஊர்,
ஒரு மின்விசிறியின் கீழ் உட்கார்ந்து
மாதச் சம்பளத்துக்குப் படிக்கிறேன்.

படம் முழுக்க இரைச்சல்,
ரவையைக் கொட்டினாற்போல.
சலித்தேன். மறுபடி சலித்தேன்.
ஏழாம் தடவை
ஒரு கோடு.
நேராக, நாலு கிலோமீட்டர்.
ஆறு நேராய் ஓடாது, எறும்பும் நேராய்ப் போகாது,
நேர்கோடு என்றால் மனிதன்.
ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய சாலை என்று
அன்றிரவே மூன்று பேருக்கு எழுதிவிட்டேன்.
தூங்காமல், சாலை முடியும் இடத்தில்
நானே ஊரைக் கட்டிக்கொண்டிருந்தேன்,
குளம் வெட்டி, கரை உயர்த்தி,
சோளம் வறுபடும் வாசனை வரைக்கும்.

வழிகாட்ட வந்தவர் நத்தானியேல் எய்ருபி.
சிரியோனோக்காரர்.
பேச்சு குறைவு, ரப்பர் பூட்ஸ் ஒன்றில் ஓட்டை.
ஜூலை மாதம், தண்ணீர் வற்றியும்
முழங்கால்வரை சேறு.
சாண் ஏறினால் முழம் சறுக்கியது.
மேலிருந்து வரும் சாணுக்கு
இந்தத் தொல்லை இல்லை.

இரண்டாம் நாள் கோட்டின்மேல் நின்றோம்.
வந்துவிட்டதாகக் கருவி ஒலித்தது.
நத்தானியேல் காலால் சருகைத் தள்ளினார்:
துருப்பிடித்த டிராக்டர் சங்கிலி.
"எண்பத்தாறில் மஹோகனி வெட்டினார்கள்.
எனக்குப் பத்து வயது.
சமையல்காரனுக்கு விறகு பொறுக்கிக் கொடுத்தேன்.
எல்லா மரமும் இந்த வழியாகத்தான் போனது.
கூலி இன்னும் வரவில்லை."

அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.
"இங்கே வேண்டாம், எறும்பு.
சாப்பாட்டுக்கு மேட்டுக்குப் போவோம்."

மேடு கண்ணுக்குத் தெரியவில்லை.
மூச்சுக்குத்தான் தெரிந்தது.
நூறு தப்படி போனபின் நெஞ்சு சொன்னது,
ஏறிக்கொண்டிருக்கிறாய்.
உலர்ந்த மண். கரிக்கட்டை போல் கறுத்த மண்.
மூன்று கல்லைக் கூட்டி அவர் அடுப்பு வைத்தார்.
கல் இல்லை. அந்தப் பக்கம்
எத்தனை நாள் நடந்தாலும் கல்லே கிடையாது.
தடித்த பானை விளிம்புகள். ஒன்றில்
மண் ஈரமாய் இருந்தபோது
யாரோ அழுத்திய விரல் வரிசை.
அதன்மேல் எங்கள் உப்புக்கண்டம் வெந்தது.

"இந்த இடம் உங்களுக்குத் தெரியுமா?"
என்று கேட்டேன், அபத்தமாக.
"வெள்ளம் வந்தால்
மான், பாம்பு, நாங்கள், ஒருமுறை ஜாகுவார்,
எல்லோரும் இங்கேதான்.
யாரும் யாரையும் தின்பதில்லை,
இரண்டாம் நாள் வரைக்கும்."

பெயர்?
"பன்றி ஈன்ற மேடு.
என் மைத்துனி எர்மின்டாவின் பன்றி.
பதினொரு குட்டி."

திரும்பி வந்து படத்தைத் திறந்தேன்.
மேடு இருக்கும் இடத்தில்
இரைச்சலென்று நான் சலித்துக் கொட்டிய ரவை.
பக்கத்தில் கோடு மட்டும்
பளிச்சென்று, கூலி கொடுக்காமல்.

மூன்று பேருக்கும் மறுபடி எழுதினேன்.
அட்டவணையில் பெயர்க் கட்டத்தில்
பன்றியை அப்படியே எழுதினேன்.
அட்சரேகை, தீர்க்கரேகை என்ற கட்டங்களில்
விரல் நின்றது.
அடுத்த டிராக்டருக்கும் அந்த இரண்டு எண் போதும்.
கட்டம் இன்னும் காலி.

நாளை காலை அது மறுபடி தலைக்குமேல் கடக்கும்.
எண்சாண் உடம்போடு யாரோ அங்கே
அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கலாம்.
ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடுவார்.
சலிக்காமல் பார்க்க வேண்டும்.